வயிற்றை வெட்டியாச்சு, நாலு மணியை என்ன செய்வது? பேரியாட்ரிக் ஆபரேஷனுக்குப் பிறகு நாக்கு ஆசையையும் நகராத எடையையும் சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

சாயங்காலம் நாலு மணி. சமையலறையிலிருந்து டிகாக்‌ஷன் வாசனை. அதற்குப் பின்னாலேயே எவர்சில்வர் டப்பாவின் மூடி திறக்கும் 'டக்'. எனக்கு ஸ்லீவ் என்ற எடைக்குறைப்பு ஆபரேஷன் நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மதியம் சாப்பிட்ட மீனே இன்னும் நெஞ்சுக்குக் கீழே கனமாக உட்கார்ந்திருந்தது. பசி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த 'டக்' கேட்டதும் வாயில் எச்சில் ஊறியது. "ஒரு கை மிக்சர்தானேம்மா, போட்டுக்கோ" என்றார் அத்தை. போட்டுக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க மெஷின் 96.4 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

ஆபரேஷனில் என் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். நாலு மணியை எடுக்கவில்லை. அது புரிய எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

நான் டாக்டர் இல்லை. 118 கிலோவில் ஆபரேஷன் மேஜைக்குப் போய், மூன்று வருடத்தில் 84 கிலோவில் வந்து நிற்கும் ஒரு மாம்பலத்துக்காரி, அவ்வளவுதான். உங்கள் சர்ஜனோ டயட்டீஷியனோ சொன்னது இதோடு மோதினால் அவர்கள் பேச்சைக் கேளுங்கள். தண்ணீர், கஞ்சி, மசித்த உணவு என்ற முதல் வாரங்களைத் தாண்டி, சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில்: எடை நிஜமாகவே நின்றுவிட்டதா?

மூன்றாவது வாரம் வாக்கில் பலருக்கும் ஒரு நிறுத்தம் வரும். "இவ்வளவு செலவு பண்ணி, இவ்வளவு பட்டினி கிடந்து, இதுக்குத்தானா?" என்று அழுகை வரும். காரணம் எளிமையானது. நம் உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற பெயரில் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஆபரேஷன் முடிந்த கையோடு அந்தச் சேமிப்பு கரையும்போது தண்ணீரும் சேர்ந்து வெளியேறுவதால் எடை மளமளவென்று இறங்குகிறது. அப்புறம் உடம்பு கொஞ்சம் சேமிப்பை நிரப்பிக்கொள்ளும், தண்ணீரும் திரும்பும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டே இருந்தாலும் மெஷினில் தெரியாது. இந்த நிறுத்தத்துக்கு மருந்து பொறுமை மட்டுமே.

அதற்குப் பிறகு வரும் நிறுத்தங்களை அளந்து பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரே ஒரு முறை, ஞாயிறு காலை, கழிவறை போய்வந்தபின், வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் ஏறுங்கள். மெஷின் சமமான தரையில் இருக்கட்டும், மிதியடிமேல் வேண்டாம். தினமும் ஏறினால் உப்பும் மலச்சிக்கலும் மாதவிலக்கும் சேர்ந்து உங்களை முட்டாளாக்கும். மாதம் ஒருமுறை தையல்காரர் டேப்பால் இடுப்பை அளந்து எழுதுங்கள். எடையும் இடுப்பும் இரண்டுமே நான்கு வாரம் அசையவில்லை என்றால்தான் அது நிறுத்தம். எடை நின்று இடுப்பு குறைந்தால் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 25 ஆல் பெருக்கினால் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 25க்கான எடை வரும். நான் 162 செ.மீ.; எனக்கு வந்தது சுமார் 66 கிலோ. அப்படியென்றால் என் கூடுதல் எடை 52 கிலோ. ஸ்லீவில் பொதுவாக இந்தக் கூடுதலில் பாதி முதல் 60 சதவீதம் வரை குறையும், சிலருக்கு அதற்கு மேலும். பைபாஸில், அதாவது இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் ஆபரேஷனில், கொஞ்சம் அதிகம். முதல் ஆறு மாதம் வேகம், பிறகு மெதுவாக ஒன்று, ஒன்றரை வருடம் வரை இறங்கும். '118 கிலோ ஆள் 60 கிலோ ஆவாள்' என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. நானே கொடுத்துக்கொண்டேன். கூடவே ஆபரேஷன் செய்துகொண்டவரோடு ஒப்பிடாதீர்கள். அவருக்குப் பைபாஸாக இருக்கலாம், வயது குறைவாக இருக்கலாம், தொடக்க எடை கூடுதலாக இருக்கலாம்.

அடுத்து: இது எந்தப் பசி?

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுப்பது அந்தப் பகுதியைத்தான். அதனால் முதல் சில மாதங்கள் பசி என்ற ஒன்றே மறந்துபோகும். தேனிலவு மாதிரி. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பலருக்குப் பசி திரும்பி வருகிறது. அது வந்ததும் 'ஆபரேஷன் தோற்றுவிட்டது' என்று பயப்பட வேண்டாம். ஆனால் பசி என்ற பெயரில் வேறு சிலவும் உள்ளே நுழையும். அவற்றைப் பிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நான் செய்யும் சோதனை அவித்த முட்டைதான். 'இப்போது உப்பு, மிளகுகூடப் போடாமல் ஒரு அவித்த முட்டை கொடுத்தால் சாப்பிடுவேனா?' ஆமாம் என்றால் பசி. 'முட்டையா? வேண்டாம், மிக்சர் இருந்தா…' என்றால் நாக்கு. சைவக்காரர்கள் முட்டைக்குப் பதில் வெறும் பனீர் துண்டை நினைத்துக்கொள்ளலாம்.

தாகம் பசி போல வேஷம் போடும், அதுவும் நம் ஊர் மே மாதத்தில் நன்றாகவே போடும். அரை டம்ளர் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துப் பத்து நிமிடம் பாருங்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஆசிட் ஏறுவது சகஜம். மேல்வயிற்றில் அந்தக் கிள்ளலை நான் பல வாரம் பசி என்றே நினைத்து பிஸ்கட் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஆசிட் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்ததும் 'பசி' காணாமல் போனது.

இரண்டு ஆசைகளை மட்டும் நாக்கின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஒன்று, ஐஸ் கட்டியை மெல்லவோ, பச்சரிசியை வாயில் போட்டு அரைக்கவோ, சாம்பல், சாக்பீஸ் மாதிரி எதையாவது தின்னவோ வரும் ஆசை. இது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை வேண்டும். இன்னொன்று, சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வியர்வை, கை நடுக்கம், படபடப்போடு 'இனிப்பு உடனே வேண்டும்' என்று வரும் வெறி. பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம் வருவது, ஸ்லீவிலும் வரலாம். இனிப்போ வெறும் மாவுச்சத்தோ சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை எகிறி, இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, சர்க்கரை தடாலென்று விழுவதால் வருகிறது. அந்த நேரத்தில் முடிந்தால் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிக்கொண்டு, சர்க்கரை எடுத்துச் சரி செய்துவிட்டு, டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். இதற்குப் போய் 'எனக்குக் கட்டுப்பாடே இல்லை' என்று உங்களைத் திட்டிக்கொள்வது அநியாயம்.

மூன்று நாள் நோட்டு

மொபைல் ஆப் எல்லாம் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு போதும். மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும், வாய்க்குள் போன எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். குழந்தை தட்டில் மிச்சம் வைத்த தோசை ஓரம், உப்பு பார்க்க எடுத்த ஒரு கரண்டி, கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கல், எல்லாம்.

என் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருந்தது. காலை 6.30 காபி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை. 8.30 இட்லி ஒன்றரை. 11 மணி காபி. 1.15 மீன் இரண்டு துண்டு, சாதம் மூன்று ஸ்பூன். 4 மணி காபி, மிக்சர் ஒரு கை. 4.20 மிக்சர் இன்னொரு கை. இந்த இரண்டாவது கையை எழுதும்போதுதான் அது நடந்ததே எனக்குத் தெரியவந்தது.

கணக்குப் போட்டேன். மூன்று காபியில் ஆறு ஸ்பூன் சர்க்கரை 120 கலோரி, பால் சேர்ந்தால் 300 பக்கம். மிக்சர் ஒரு கை, அதாவது 30 கிராம், 150க்குக் குறையாது. இரண்டு கை 300. அன்று நான் மொத்தமாகச் சாப்பிட்டதே 1,100 கலோரிதான் இருக்கும். அதில் பாதிக்கு மேல் சாப்பாடு என்றே நான் எண்ணாதவை.

வழுக்கிக்கொண்டு போகும் சாப்பாடு

இதுதான் மொத்த விஷயத்தின் மையம், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஆபரேஷன் செய்த வயிறு வேலை செய்வது அடைப்பதால். கெட்டியான, சவைக்க வேண்டிய உணவு போனால் நாலு வாயிலேயே 'போதும்' என்று சொல்லிவிடும். ஆனால் வாயிலேயே கரைகிற, குழைகிற உணவுக்கு அந்தக் காவல் கிடையாது. மிக்சர், முறுக்கு, காராசேவு மென்றதும் மாவாகிச் சரசரவென்று இறங்கும். டீயில் நனைத்த பிஸ்கட், ஐஸ்கிரீம், பாயசம், மில்க்‌ஷேக் எல்லாம் அப்படித்தான். சிக்கன் மூன்று துண்டுக்கு மேல் இறங்காதவர், அரை பாக்கெட் முறுக்கை சீரியல் முடிவதற்குள் முடித்துவிடுவார். சின்ன வயிறு அதற்குச் சாட்சிகூடச் சொல்லாது.

நம் சாப்பாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாதத்தில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, ரசத்தில் குழைத்து, கடைசியில் மோரில் கரைத்துக் குடிப்பது நம் வழக்கம். 'சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே' என்று டயட்டீஷியன் சொன்னதை நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். ஆனால் ரசம் சாதத்தை மட்டும் தண்ணீராக எண்ணவில்லை! அந்த நீர் வயிற்றில் உள்ளதைக் கழுவிக் கீழே தள்ளிவிடும்; அரை மணியில் மறுபடி இடம் காலி.

அதனால் தட்டின் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் புரோட்டீன்: மீன், முட்டை, கோழி, பனீர், சுண்டல், எது உண்டோ அது. அதில் பாதி வயிறு நிறைய வேண்டும். அடுத்து பொரியல், கூட்டு. கடைசியில் இடமிருந்தால் இரண்டு மூன்று ஸ்பூன் சாதம், குழம்பு கெட்டியாக. ரசம் வேண்டுமென்றால் அது தனி. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து ஒரு டம்ளர் குடிக்கலாம். தண்ணீருக்கும் அதே அரை மணி. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது, முப்பது நிமிடம். மூக்கு ஒழுகினாலோ விக்கல் வந்தாலோ நெஞ்சில் ஒரு அழுத்தம் வந்தாலோ அதுதான் நிறுத்தற்குறி. அடுத்த வாய் வேண்டாம்.

ஒரு நாளைக்குப் பொதுவாக 60 முதல் 80 கிராம் புரோட்டீன் சொல்வார்கள். ஒரு முட்டையில் 6, நூறு கிராம் வஞ்சிரத்தில் சுமார் 20, நூறு கிராம் பனீரில் 18, வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் 8, தயிர் நூறு கிராமில் 3 முதல் 4. ஒரு இட்லியில் வெறும் 2. ஆபரேஷனுக்குப் பிறகு 'லைட்டா இட்லி சாப்பிடு' என்று ஊரே சொல்லும். இட்லி கெட்டதில்லை, ஆனால் அது அந்தச் சின்ன இடத்தை மாவால் நிரப்பிவிடும். என் நாள் இப்போது இப்படிப் போகிறது: காலையில் இரண்டு முட்டை, அல்லது சின்ன பெசரட்டு ஒன்றும் ஒரு முட்டையும். பத்தரைக்குப் புரோட்டீன் பவுடர் கலந்த பால். மதியம் மீன், பொரியல், கொஞ்சம் சாதம். மூன்றரைக்குச் சுண்டல். இரவு பனீரோ கெட்டியான பருப்புக் கூட்டோ. கோழி நெஞ்சுப்பகுதி வறண்டு தொண்டையில் நிற்கும். தயிரில் ஊறவைத்துக் குழம்பாக வையுங்கள். சங்கரா, வஞ்சிரம் போன்ற மீன் பெரும்பாலானவர்களுக்கு வம்பு செய்யாது.

நாலு மணிக்கு என்ன செய்வது

மன உறுதியை நம்பாதீர்கள். நாலு மணிக்கு அது வீட்டில் இருப்பதில்லை.

முதல் வேலை, நேரத்தை முந்திக்கொள்வது. நான் மூன்றரைக்கே சுண்டலை எடுத்துவிடுகிறேன். காலையில் வேகவைத்து டப்பாவில் இருக்கும், கடுகு, பெருங்காயம், மாங்காய்த் துருவல் போட்டு. மெரினா சுண்டலின் சுவை பாதி அந்த மாங்காயில்தானே! சவைக்கும்போது வாய்க்கு வேலை, காரத்துக்குக் காரம், வயிற்றுக்கு நிறைவு. அரை மணி கழித்து, நாலு மணிக்குக் காபி. சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தவில்லை; வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தேன், ஒரு மாதத்தில் தானாக விட்டது.

இரண்டாவது வேலை, இடத்தை மாற்றுவது. காபியை டிவி முன்னால் இருந்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். கை சும்மா டப்பாவுக்குள் போக வழியில்லை. டப்பாவும் இடம் மாறியது. வீட்டில் மற்றவர்களுக்கு வேண்டும் என்பதால் தூக்கி எறியச் சொல்லவில்லை, பரணில் ஏற்றச் சொன்னேன். அத்தைக்கு முதலில் மனத்தாங்கல்தான். "என் கையால ஒரு வாய் கொடுக்கக்கூடக் கூடாதா?" என்றார். "சுண்டல் உங்க கையால கொடுங்க அத்தை" என்றேன்.

அப்படியும் ஆசை வந்தால் பதினைந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். ஆசை அலை மாதிரி, ஏறினது இறங்கும். இறங்கவில்லையா? சரி, சாப்பிடுங்கள், ஆனால் திட்டமிட்டு: சாப்பாடு முடிந்த பிறகு, தட்டில் போட்டு, உட்கார்ந்து, மூன்று வாய். மைசூர்பாகில் மூன்று வாய் சாப்பிட்டவர் யாரும் எடை ஏறிவிடவில்லை. டப்பாவோடு நின்றபடி சாப்பிட்டவர்கள்தான் ஏறினார்கள். எதையும் 'இனி வாழ்க்கையில் தொடமாட்டேன்' என்று சத்தியம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தச் சத்தியம் தீபாவளிக்கு முந்தின நாள் உடைந்து, உடைந்ததைச் சாக்காக வைத்து ஒரு வாரம் ஓடும்.

பைபாஸ் செய்தவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கரும்புச்சாறு, ஜிகர்தண்டா, குலாப்ஜாமூன் ஜீரா போன்றவை நேராகக் குடலுக்குள் இறங்கிப் பத்து முதல் முப்பது நிமிடத்தில் வயிற்றைப் புரட்டி, வியர்க்கவைத்து, பேதியில் கொண்டுவிடலாம். டம்பிங் என்பார்கள். மூன்று வாய் கணக்கு அவர்களுக்கு ஒரு வாய்.

பந்தி, விருந்து, உறவுக்காரர்கள்

கல்யாணப் பந்தியில் இலை முழுக்கப் பரிமாறிவிடுவார்கள். நமக்கு இறங்குவது மூன்று ஸ்பூன். "இப்படி வீணாக்குறியேடி" என்று பக்கத்தில் சித்தி. நான் கண்டுபிடித்த வழி, கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, பரிமாறுகிறவர் வரும்போதே இலைக்கு மேல் கையை நீட்டிவிடுவது. பருப்பு, கூட்டு, பொரியல், கொஞ்சம் அவியல் மட்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு முட்டை உள்ளே போயிருக்கும். யாராவது துருவிக் கேட்டால் "அல்சர், டாக்டர் சொல்லியிருக்கார்" என்பேன். பொய்தான். பந்தியில் உட்கார்ந்து ஆபரேஷனுக்கு விளக்கம் சொல்வதைவிட மேல்.

மதுவைப் பற்றி ஒரு வரி. ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரமே ஏறும், அதிக நேரம் நிற்கும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போய்விட்டதால் அந்த இடத்தில் குடி வந்து உட்கார்ந்துகொண்டவர்களும் உண்டு. அப்படி ஒரு சாயல் தெரிந்தால் தாமதிக்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

நடை, எடை தூக்குதல், தூக்கம்

வேகமாக இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போகும். தசை குறைந்தால் உடம்பு எரிக்கும் கலோரியும் குறையும். எடை நிற்க இதுவும் காரணம். வெறும் நடை போதாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பேண்டு இழுப்பது போதும். வயிற்றுக்கு அழுத்தம் தரும் பயிற்சிகளை எப்போது தொடங்கலாம் என்று சர்ஜனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடைக்கு நான் போவது நடேசன் பூங்கா, காலை ஆறுக்குள். வெயில் ஏறிய பிறகு போய் மயங்கி விழ வேண்டாம். ஆறு மணி நேரம்கூடத் தூங்காத வாரங்களில் என் நோட்டில் மிக்சர் அதிகமாக இருக்கும், அவ்வளவுதான் சொல்வேன்.

எப்போது டாக்டரிடம் போவது

மேலே சொன்னதையெல்லாம் ஆறு வாரம் செய்தும் எடையும் இடுப்பும் அசையவில்லை என்றால், அல்லது குறைந்த எடை திரும்ப ஏறுகிறது என்றால், அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலைக் கொடுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைப் பிடித்து வைக்கும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி செய்து வயிறு விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசிகளை ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கு டாக்டர்கள் கொடுப்பதுண்டு. ஆனால் ஏற்கெனவே கொஞ்சமாகச் சாப்பிடுகிறவரின் பசியை அது இன்னும் குறைக்கும், புரோட்டீன் விழுந்துவிடும். தெரிந்தவர் சொன்னார் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் சமாசாரம் இல்லை. முழங்கால் வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் வாங்கி விழுங்குவதும் அப்படித்தான்; பைபாஸ் செய்தவர்களுக்குப் புண் வரும் ஆபத்து அதிகம்.

வைட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும். பி12, இரும்பு, டி வைட்டமின், கால்சியம் சிட்ரேட். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஒன்று மற்றதை உறிஞ்சவிடாது. இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்காதீர்கள். நான் ஒரு வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

சில அறிகுறிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் எல்லாம் கிடையாது, நேராக எமர்ஜென்சி: தண்ணீர்கூட இறங்காமல் தொடர் வாந்தி, கடுமையான வயிற்றுவலி, காய்ச்சலோடு வேகமான இதயத்துடிப்பு, கறுப்பாக மலம், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல். பல நாள் வாந்திக்குப் பிறகு நடை தள்ளாடினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, பாதம் மரத்துப்போனாலோ தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கலாம். 'எனக்குப் பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆகியிருக்கிறது' என்று அங்கே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சாதாரண அப்பாயின்ட்மென்டுக்குப் போகும்போது அந்த நாற்பது பக்க நோட்டையும் கையில் எடுத்துப் போங்கள். என் டயட்டீஷியன் என்னுடையதைப் புரட்டி, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் நிறுத்தி, '4.20' என்பதைப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். நானும் ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம்தான் டப்பா பரணுக்குப் போனது.